வெள்ளியும் திர்ஹமும் ரூபாயாகும்போது: எந்த வழியில் எவ்வளவு மிஞ்சும்?

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதி ஊர்களில், வெளிநாட்டிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சில் நலம் விசாரித்து முடிந்ததும் அடுத்துக் காதில் விழுவது பெரும்பாலும் “இன்னைக்கு ரேட் என்ன?” என்பதாகவே இருக்கும். விலையை விசாரிப்பதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கடை, எந்த வங்கி, எந்தச் செயலி என்று முடிவு செய்தால் கணக்கு உதைக்கும். அனுப்புகிறவர் கையிலிருந்து எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு போகிறது, ஊரில் பாஸ்புக்கில் எவ்வளவு ரூபாய் வரவாகிறது என்ற இரண்டு எண்களை ஒரே நேரத்தில் எடுத்து வைத்துப் பார்த்தால்தான் வழிகளை ஒப்பிட முடியும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்குப் பணம் அனுப்புவோரை மனத்தில் வைத்தே இக்கட்டுரை பெரும்பாலும் பேசுகிறது. இங்கிருந்து வெளியே போகிறவர்களுக்கான கணக்கு பின்பகுதியில் வருகிறது.

விலையும் கட்டணமும்

பெரிய வங்கிகள் தங்களுக்குள் நாணயத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்பதைச் சந்தை விலை என்கிறோம். கூகுளில் தேடினால் வருவது ஏறத்தாழ அதுதான். அந்த விலையிலேயே மாற்றித் தருகிறவர் தம் கூலியைக் கட்டணமாகத் தனியே வாங்கிக்கொள்வார். கட்டணமே கிடையாது என்று பலகை வைத்திருப்பவர் அதே கூலியை விலைக்குள் வைத்து எடுத்துக்கொள்வார். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவர்களே அதிகம்.

கணக்குப் போட வசதியாக, சந்தை விலை ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) 66 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் விலைகளும் கட்டணங்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கடை 65.70 ரூபாய் தருகிறது, ஒவ்வொரு முறைக்கும் 6 வெள்ளி கட்டணம் வாங்குகிறது. ஒரு செயலி முழுதாக 66 ரூபாயே தருகிறது, ஆனால் 3 வெள்ளியும் அனுப்பும் தொகையில் 0.4 சதவீதமும் பிடித்துக்கொள்கிறது. ஒரு வங்கி கட்டணம் இல்லை என்கிறது. அது தரும் விலை 65 ரூபாய். கையில் இருப்பது 300 வெள்ளி என்றால் கடை வழியாக 19,316 ரூபாயும், செயலி வழியாக 19,523 ரூபாயும், வங்கி வழியாக 19,500 ரூபாயும் ஊருக்கு வந்து சேரும். அதாவது, விலை மிகக் குறைவாகத் தரும் வங்கி, கடையைவிட நல்ல வழியாகிவிடுகிறது. அதே மூன்று இடங்களிலும் 3,000 வெள்ளியைக் கொடுத்தால் கடையில் 1,96,706 ரூபாய், செயலியில் 1,97,010 ரூபாய், வங்கியில் 1,95,000 ரூபாய். இப்போது வங்கி கடையைவிட 1,700 ரூபாய்க்கு மேல் பின்தங்கி நிற்கிறது. இந்த உதாரணத்தில் கடையும் வங்கியும் சமமாகும் தொகை ஏறத்தாழ 563 வெள்ளி. அதற்குக் கீழே வங்கி, அதற்கு மேலே கடை. நிலையான கட்டணம் வாங்குமிடத்தில் சிறு சிறு தொகையாக அனுப்புவது நட்டம் என்பதும், விலைக்குள் கூலியை ஒளிப்பவரிடம் பெருந்தொகையைக் கொண்டுபோவது நட்டம் என்பதும் இதிலிருந்தே தெரியும்.

ஊர்ப்பக்கம் ஒரு சிறு செலவு இருக்கிறது. பணம் வெளிநாட்டு நாணயமாகவே இந்திய வங்கிக்கு வந்து இங்கே ரூபாயாக மாறினால், அந்த மாற்றுச் சேவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. வரி முழுத் தொகையின் மீது விழுவதில்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை தொகையில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து, அந்த மதிப்புக்கு 18 சதவீதம் போடுகிறார்கள். ஆகவே ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய். அதற்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள பகுதிக்கு அரை சதவீதம் என்பதால், 1,97,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 267 ரூபாய் ஆகும். பெரிதில்லை, ஆனாலும் இரண்டு வழிகளுக்கிடையே வித்தியாசம் 300 ரூபாய்தான் என்னும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய முறையில் வங்கிக்கு வங்கி அனுப்பும் ஸ்விஃப்ட் பணமாக இருந்தால் நடுவில் நிற்கும் வங்கியும் ஒரு தொகையைப் பிடிக்கக்கூடும். அனுப்புகிற வங்கி கட்டணமில்லை என்று சொன்னால், அந்த நடுவங்கிக் கட்டணத்தை யார் ஏற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது.

கடையா, செயலியா, வங்கியா

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்களில் பலருக்கு ஞாயிறு மாலை என்றால், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா. சிராங்கூன் சாலையை ஒட்டிய பணமாற்றுக் கடைகளில் வரிசை நீண்டு நிற்கும். பலகையில் ரூபாயின் விலை எரியும். கண்ணாடிக்கு உள்ளே இருப்பவர் கைப்பேசியில் காட்டப்படும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்து எண்களைத் தட்டுவார். இந்த வழியின் பலம், ரொக்கச் சம்பளத்தையும் நேரடியாகக் கொடுக்கலாம் என்பதும், தமிழில் கேட்டுத் தெளியலாம் என்பதும், கையில் ரசீது கிடைக்கும் என்பதுமாகும். பலவீனம் அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே இருக்கிறது. சனியும் ஞாயிறும் நாணயச் சந்தைக்கு விடுமுறை. திங்கள் காலையில் விலை எங்கே திறக்கும் என்று தெரியாதபோது, மாற்றித் தருகிறவர் வெள்ளிக்கிழமை விலையிலிருந்து சில காசுகளைப் பாதுகாப்புக்காகக் குறைத்து வைப்பது வழக்கம். வார நாளில் ஒரு நாள் வேலை முடிந்து போக முடிகிறவர்கள், நெரிசலையும் தவிர்த்து, சில காசுகளையும் மிச்சப்படுத்தலாம்.

செயலிகளில் விலையும் கட்டணமும் ஒரே திரையில் தெரிவது பெரிய வசதி. எவ்வளவு கட்டினால் எவ்வளவு சேரும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே காட்டுகிறார்கள். ஆனால் முதல் முறை அனுப்புகிறவருக்குத் தரப்படும் விலை பல செயலிகளில் ஆளை இழுப்பதற்கான சலுகை விலை; இரண்டாம் முறையிலிருந்து அது இருக்காது. ஆகவே முதல் மாதத்து அனுபவத்தை வைத்து ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வருடம் முழுவதும் அதையே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு செயலிகளிலும் ஒரு கடையிலும் பதிந்து வைத்துக்கொண்டு, அனுப்பும் நாளில் மூன்றையும் பார்ப்பவருக்கு ஐந்து நிமிடம்தான் செலவு.

சிறு தொகையும் அவசரமும் சேர்ந்து வரும்போது 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய யு.பி.ஐ. - பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணமாற்று முறை) இணைப்பு கைகொடுக்கும். இணைந்துள்ள வங்கிகளில் கணக்கு இருந்தால் சிங்கப்பூரிலிருந்து ஊரில் இருப்பவரின் யு.பி.ஐ. முகவரிக்கே பணம் உடனே சேரும். ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி என்ற உச்சவரம்பு உண்டு. விலையை வங்கிதான் வைக்கிறது என்பதால், வேகத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, இதில் எப்போதும் நல்ல விலைதான் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தஞ்சாவூர் மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொல்லும் இரவில் 20 காசு வித்தியாசத்தைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை.

வளைகுடாவில் இவ்வழிகளுக்கு இணையாக எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இருக்கின்றன. அவை இந்திய வங்கிகளுடன் செய்துகொண்டுள்ள ஏற்பாட்டின் கீழ் ரூபாயாகவே கணக்கில் வரவு வைக்கின்றன. வங்கிக் கணக்குக்குப் பதிலாக ஊரில் ரொக்கமாக வாங்கும் முறையும் உண்டு. வங்கிக்கு நடக்க முடியாத முதிய தாய்க்கு அது உதவலாம். ஆனால் அதற்கு இந்திய ரிசர்வ் வங்கி வரம்புகளை வைத்திருக்கிறது. ஒரு முறைக்கு 2,500 அமெரிக்க டாலர், ஒரே நபருக்கு ஓர் ஆண்டில் 30 முறை, கையில் ரொக்கமாக 50,000 ரூபாய் வரை. ரொக்கமாகக் கொடுக்கும் முகவருக்கும் கூலி போக வேண்டும் என்பதால், வாடிக்கையாக மாதாமாதம் அனுப்புவதற்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது கவனத்திலிருந்து நழுவுவது பெயர். நம் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராக விரிந்து பின்னால் போய்விடும். பாஸ்புக்கில் ‘மு. செல்வராசு’ என்றும், அனுப்புகிறவர் பதிந்த பெயர் ‘செல்வராசு முத்துசாமி’ என்றும் இருந்தால் பணம் வழியில் நிற்கக்கூடும். 2020 ஏப்ரலில் நடந்த வங்கி இணைப்புகளில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும் சேர்ந்தன. அந்தக் கிளைகளின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் இப்போது செல்லாது. பெயரோ எண்ணோ பொருந்தாமல் திரும்பிப் போகும் பணம் மறுபடியும் வெள்ளியாக மாறும்போது இன்னொரு முறை இழப்பு வரும். நல்ல விலைக்காகத் தேடி அலைந்து மிச்சப்படுத்திய பணம் அத்தனையும் அதில் போய்விடலாம்.

உண்டியல்

வங்கியும் உரிமமும் இல்லாமல் ஆள் மூலம் பணம் சேர்க்கும் உண்டியல் முறையைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா கப்பல் போய்வந்த காலத்திலிருந்து, ஆள் மூலம் பணம் கொடுத்தனுப்பும் பழக்கத்தை இந்தக் கடற்கரை அறியும். இன்று உண்டியல்காரர் சொல்லும் விலை வங்கி விலையைவிடக் கூடுதலாகவே தெரியும், கட்டணம் இருக்காது, வீட்டு வாசலிலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டும் போவார்கள். ஒப்பீட்டின் முதல் வரியில் அது வென்றுவிடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இழப்பு வேறு இடங்களில் வருகிறது. முதலாவது, அது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு, அதாவது ஃபெமாவுக்கு, எதிரானது. தண்டத் தொகை சம்பந்தப்பட்ட பணத்தைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். இரண்டாவது, நடுவில் பணம் காணாமல் போனால் போய்க் கேட்க இடமில்லை. மூன்றாவதுதான் நம் ஊர்களில் அதிகம் வலிப்பது. பத்தாண்டுகள் உழைத்து அனுப்பிய பணத்தில் மனை வாங்கிப் பத்திரம் பதியும்போதோ, வீட்டுக்கடன் கேட்கும்போதோ, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. வங்கி வழியாக மகன் தாய்க்கு அனுப்பும் பணத்துக்கு அந்தத் தாய் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து வரும் தொகைக்கு அந்த விலக்கு இருக்கிறது. அந்த விலக்கை நிரூபிக்கப் பாஸ்புக் வரி ஒன்றே போதும். அதை 30 காசுக்கு விற்பது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

பாஸ்புக் என்று சொன்னதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை, அது என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான) கணக்காக மாற வேண்டும்; வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட என்.ஆர்.இ. கணக்கைத் தொடங்கலாம். என்.ஆர்.இ. கணக்கில் கிடைக்கும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, பணத்தைத் திரும்ப வெளியே எடுத்துப் போகவும் தடையில்லை. வீட்டுச் செலவு போக மீதியைச் சேமிக்கிறவருக்கு, விலையில் கிடைக்கும் காசுகளைவிட இந்த வரிவிலக்கு பெரிது.

இன்று அனுப்புவதா, ஏறும் வரை காத்திருப்பதா

“திர்ஹம் ஏறிவிட்டது, ரியால் ஏறிவிட்டது” என்ற பேச்சில் ஒரு பிழை இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 1986 முதல் 3.75 என்றும், கத்தார் ரியால் 3.64 என்றும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே அவை தாமாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. டாலருக்கு எதிரே ரூபாய் அசையும்போது எல்லாம் ஒரே அளவில் அசைகின்றன. துபாயில் இருப்பவரும் தம்மாமில் இருப்பவரும் எந்த நாள் நல்லது என்று பார்க்க வேண்டுமானால் டாலர் விலை ஒன்றைப் பார்த்தால் போதும். குவைத் தினார் மட்டும் பல நாணயங்களின் கூட்டோடு கட்டப்பட்டது. சிங்கப்பூர் வெள்ளியையும் அந்நாட்டு நாணய ஆணையம் அப்படியொரு நாணயக் கூட்டுக்கு எதிரேதான் நடத்துகிறது. மலேசிய வெள்ளி (ரிங்கிட்) 2005 ஜூலையில் டாலர்க் கட்டிலிருந்து விடுபட்டது. அதனால் அவ்விரண்டின் விலையில் ரூபாயின் அசைவோடு அவற்றின் சொந்த அசைவும் சேர்ந்திருக்கும், கணிப்பது இன்னும் கடினம்.

காத்திருப்பதால் என்ன ஆகும் என்பதற்கு 2013 நல்ல சாட்சி. அந்த ஆண்டு ஆகஸ்டு 28 அன்று ரூபாய் ஒரே நாளில் சரிந்து டாலருக்கு 68 ரூபாயைத் தாண்டியது. எழுபதைத் தொட்டதும் அனுப்பலாம் என்று பணத்தைப் பிடித்து வைத்திருந்தவர்கள், சில வாரங்களிலேயே அது 63, 62 என்று திரும்புவதைப் பார்த்தார்கள். எழுபது வந்தது 2018 ஆகஸ்டில்.

நம் ஊர்க் கணக்கில் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் 2,000 வெள்ளி இருக்கிறது. விலை 65 ரூபாய். இன்னும் 50 காசு ஏறட்டும் என்று ஒரு மாதம் பொறுக்கிறார். நினைத்தது நடந்தால் லாபம் 1,000 ரூபாய். அதே மாதத்தில் ஊரில் குறுவைக்கு உழவு, விதை, நடவுக் கூலி என்று வைத்த நகைக்கடன் 1,30,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றாலே 1,300 ரூபாய் போகிறது. அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டி என்றால் 2,600 ரூபாய். விலை ஏறினாலும் நட்டம், ஏறாவிட்டால் இரட்டை நட்டம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்று தயாராக வேண்டும் என்ற வீட்டில், பணத்துக்கு ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடுவுக்கு நாணயச் சந்தை காத்திருக்காது. ஊரில் வட்டி ஓடும் கடன் எதுவும் இல்லாதவர், சேமிப்பாக மட்டுமே அனுப்புகிறவர், காத்திருந்து பார்க்கலாம். அவருக்கும்கூட, மொத்தத்தையும் ஒரு நாளில் பந்தயம் கட்டுவதைவிட மூன்று நான்கு மாதங்களில் பிரித்து அனுப்புவது நிம்மதி.

இங்கிருந்து போகிறவர்களுக்கு

மகள் வீட்டுக்கோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறவருக்கு, விமான நிலையத்துப் பணமாற்று முகப்புதான் கடைசி வாய்ப்பாக இருக்க வேண்டும். இறங்கியதும் டாக்சிக்கு வேண்டிய தொகையை மட்டும் அங்கே மாற்றலாம். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் நகரங்களில் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடைகளில் இரண்டு மூன்று இடங்களில் தொலைபேசியில் விலை கேட்டுவிட்டுப் போவது நல்லது. கேட்கும்போது, அவர்கள் விற்கும் விலையையும் வாங்கும் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அகலமாக இருக்கும் இடத்தில் கூலி அதிகம். அமெரிக்க டாலர், சிங்கப்பூர் வெள்ளி, திர்ஹம் ஆகியவற்றுக்கு அந்த இடைவெளி குறுகலாகவும், நம் ஊரில் அதிகம் புழங்காத நாணயங்களுக்கு அகலமாகவும் இருக்கும். அப்படிப்பட்ட நாட்டுக்குப் போகிறவர் மடிப்பில்லாத புதிய நூறு டாலர்த் தாள்களாக எடுத்துப்போய் அங்கே மாற்றுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாளாக எடுத்துச் செல்ல 3,000 டாலர் வரை அனுமதி உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். இந்திய ரூபாயாக 25,000 வரை எடுத்துப் போகலாம். தேக்காவில் அதை மாற்றிக்கொள்ள முடியும் என்றாலும், மற்ற பல நாடுகளில் ரூபாயை வாங்க ஆள் கிடைப்பதே அரிது.

வங்கி அட்டையை அப்படியே தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. அதன் மேல் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 10,000 ரூபாய்ச் செலவுக்கு 413 ரூபாய். கூடுதல் பிடித்தம் இல்லாத அட்டைகளும், முன்கூட்டியே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிக்கொள்ளும் பயண அட்டைகளும் இப்போது கிடைக்கின்றன. பயண அட்டையில் சிங்கப்பூர் வெள்ளியை ஏற்றிக்கொண்டு மலேசியாவில் தேய்த்தால் இன்னொரு மாற்றுக் கட்டணம் விழும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். எந்த அட்டையானாலும், கடையின் இயந்திரமோ ஏ.டி.எம்.மோ ‘இந்திய ரூபாயில் எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டுவது உதவி போலத் தோன்றும். ஆனால் அந்த விலையைத் தன் கூலியையும் சேர்த்து வைப்பது கடைக்காரர் தரப்பில் இருக்கும் நிறுவனம்.

பிள்ளையின் கல்விக் கட்டணத்தை இங்கிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பும், பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு டி.சி.எஸ். (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தமும் உண்டு. 2025 ஏப்ரலுக்கு முன் அந்த எல்லை ஏழு லட்சமாக இருந்தது. உரிய நிதி நிறுவனத்தில் வாங்கிய கல்விக் கடனிலிருந்து கட்டும் தொகைக்கு இப்போது அப்பிடித்தம் இல்லை. டி.சி.எஸ். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது என்பதால், வங்கிகளை ஒப்பிடும்போது அதைச் செலவாகச் சேர்க்க வேண்டாம். விலையில் இருக்கும் கூலியையும், கல்லூரிக்குத் தொகை குறையாமல் சேர நடுவங்கிக் கட்டணத்தையும் நாமே ஏற்பதற்கு ஆகும் செலவையும் மட்டும் பார்த்தால் போதும்.

திரும்பி வந்தபின் மிஞ்சும் தாள்களில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாள்களுக்குள் மாற்றிவிட வேண்டும். நாணயமாற்றுக் கடைகள் பொதுவாகச் சில்லறைக் காசை வாங்குவதில்லை. ஆகவே அதை அங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன் காப்பிக்கோ தண்ணீர் போத்தலுக்கோ கொடுத்துத் தீர்த்துவிட்டு வரலாம்.